வாங்காத கயிறு

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தின் தகரக் கூரையில் பகல் முழுக்க மழை இரைந்துகொண்டிருக்கிறது. அடுப்பு வெளிச்சத்தில் ரெபேக்காள் மகளின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போடுகிறாள். போட்ட மறுகணமே துணி சுடுகிறது. இதே விஷக்காய்ச்சலில் போன புருஷனைச் சென்ற ஞாயிற்றுக்கிழமைதான் புதைத்தாள். வாசலில் நனைந்தபடி நிற்கும் நாத்தனார் இராக்கம்மாவின் உள்ளங்கையில், முனியாண்டி கோயில் பூசாரி மந்திரித்துக் கொடுத்த கறுப்புக் கயிறு சுருண்டு கிடக்கிறது. "மதினி, எங்கண்ணனத்தான் கிறிஸ்துவ வேதத்துக்காரனாவே மண்ணுல போட்டீங்க. இந்தப் புள்ளைக்காவது இதக் கட்டுங்க." விசுவாசம் கேடயம் மாதிரி, சாத்தான் எய்வது எதுவும் உள்ளே இறங்காது என்று உபதேசியார் சொல்லியிருந்தார். ரெபேக்காளின் நெஞ்சில் எல்லாமே இறங்கிக்கொண்டிருக்கிறது. கை தானாகக் கயிற்றை நோக்கி நீள்கிறது. அப்போது மகள் எஸ்தர் கண் திறக்கிறாள். "அம்மா, கயிறு கட்டிக்கிட்டா சாமி கோவிச்சுக்குமா?" நீண்ட கை பாதியில் நிற்கிறது. "அதெல்லாம் நமக்கு வேணாம் கண்ணு. இயேசுசாமி உன்னயப் பாத்துக்குவாரு." "நெசமாவா?" "நெசமாத்தான்." எஸ்தரின் முகத்திலிருந்த பயம் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறது. அம்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுகிறாள். மூச்சு மட்டும் ரம்பம் அறுப்பதுபோல ஏறி இறங்குகிறது. இராக்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போகிறாள். காலில் விழுந்தாவது அந்தக் கயிற்றை வாங்கிவிட வேண்டும் என்று ரெபேக்காளுக்குத் தொண்டை வரை வந்துவிடுகிறது. கூப்பிட்டால் மகளுக்குக் கேட்கும். ரெபேக்காள் தன் வாயைப் பொத்திக்கொண்டு, அந்தக் காலடிச் சத்தம் மழையில் கரைந்து போகும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.