பச்சைப் புள்ளிகள்

ஆய்வுக்கூடத்தில் விளக்கை அணைத்திருக்கிறார்கள். நுண்ணோக்கியின் திரையில் மட்டும் பச்சைப் புள்ளிகள் மின்னுகின்றன. எதிரே, தோளில் குழந்தையைச் சாய்த்தபடி அதன் தாய் நிற்கிறாள். ஆய்வுக்கென்று தன் நஞ்சுக்கொடியைக் கொடுத்தவள்; திரையில் தெரிவது அதன் செல்கள்தான். வாசலில் துவாலையும் கையுமாக மாமியார். பார்க்க வந்தவர்களெல்லாம் மூக்கு அப்பா, காது தாத்தா, கோபம் சித்தப்பா என்று குழந்தையைப் பங்கு போட்டாயிற்று. இவளுக்கென்று ஒரு நகம்கூட மிஞ்சவில்லை. “பச்சையா மின்னுதே, அது உங்க ரத்தத்துல இருந்த நோய் எதிர்ப்புப் புரதம்,” என்று ஆய்வாளர் திரையைத் தொட்டுக் காட்டுகிறார். “பக்கத்துல சிவப்பா இருக்கறது ஏற்பி. செல்லுக்குள்ள வர்ற புரதத்தைக் கெட்டியாப் பிடிச்சு, அழியவிடாம, குழந்தை பக்கம் இறக்கிவிடுது.” அவள் குரல் தணிகிறது. “குழந்தையோட அப்பாகிட்டேருந்து?” “துளிகூடக் கிடையாது. இந்தப் பச்சை மொத்தமும் நீங்க கொடுத்தது.” அவள் முதுகு நிமிர்கிறது. குழந்தையின் கன்னத்திலும் இப்போது பச்சை வெளிச்சம். அது நிம்மதியாக ஏப்பம் விடுகிறது. “அத்தை, கொஞ்சம் இங்க வாங்க,” என்று அவள் கூப்பிடுவது கூடம் முழுக்கக் கேட்கிறது. “இதுல உங்க வீட்டுச் சாயல் எங்க இருக்குன்னு காட்டுங்க, பார்ப்போம்!”