நாலாவது தையல்

ஜன்னல் வெயில் தையல் மிஷினின் மேல் சாய்ந்து கிடக்கிறது. தையல்காரர் தன்னுடைய கால்சட்டையைத்தான் இடுப்பளவு குறைத்துத் தைக்கிறார். அது தன்னுடையது என்று அவருக்குத் தெரியவில்லை. மனைவி காலையில் வைத்த சாப்பாட்டுத் தட்டு பக்கத்து முக்காலியில் ஆறிக் கிடக்கிறது. கால்சட்டை இடுப்பின் உள்பக்கம் மூன்று வரிசையாக ஓடும் பழைய தையலை விரலால் தடவுகிறார். இந்த வருடம் அவரே போட்டவை.

“என்னமா இளைச்சிருக்கான் மனுஷன்! வீட்டுல சோறு போடுறதில்லையா?”

“போடத்தான் செய்றாங்க,” என்கிறாள் மனைவி. “சாப்பிட்டாச்சுன்னு சொல்லிடுறாராம்.” தட்டை அவர் கையருகே நகர்த்துகிறாள்.

“எனக்கெதுக்கு? அப்பவே சாப்பிட்டாச்சே.” தட்டை ஒதுக்கிவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார்.

“பாவம், அந்தாளோட சம்சாரம்,” என்கிறார்.