மூன்றாவதாக உட்கார்ந்திருப்பவன்

காளியப்பன் தன் போனை எடுத்து, நாமக்கல் பிளக்ஸ் கடையில் டிசைன் போடும் கலைமணியிடம் நீட்டினார்.

“இதுல மூணாவதா உக்காந்திருக்கறது எம்பையன் இனியனுங்க, அம்மிணி. இவனை மட்டும் பெருசாக்கி அஞ்சலி பேனர் போட்டுக் குடுங்க.”

கலைமணி வாங்கிப் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள்.

அது ஒரு கேலிப்படம். நடு ஆற்றில் காகிதக் கப்பல் மூழ்குகிறது. அதில் வரிசையாக ஆறு சிப்பாய்கள், இடுப்பளவு தண்ணீரில், சல்யூட் அடித்தபடி. கரையில் குடை நிழலில், நெஞ்செல்லாம் பதக்கம் தொங்க ஒரு ஜெனரல். பைனாகுலரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, ‘எல்லாம் திட்டப்படியே நடக்கிறது’ என்கிறார்.

எல்லையில் பாலம் போடாமலே இனியன் இருந்த படையை ஆற்றில் இறக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்த மறுநாள், இந்தப் படம் போன் போனாகச் சுற்றியது. ஜேடர்பாளையம் டீக்கடையில் கை மாற்றி மாற்றிச் சிரித்தார்கள். காளியப்பன் உள்ளே வந்ததும் சிரிப்பு நின்றது. அவராகத்தான் வாங்கிப் பார்த்தார்.

மூன்றாவது ஆளிடம் கண் நின்றுவிட்டது. அதே மூக்கு. அதே காது.

காவிரிக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். தண்ணீரில் இருப்பவன் கை உயர்ந்தால், பரிசலைக் கூப்பிடுகிறான் என்றுதான் அவர் கண்ணுக்குப் படும்.

மகனின் பெட்டி ஆணி அடித்தே வந்தது. திறக்கக் கூடாது என்றார்கள். எப்படிச் செத்தான் என்று கேட்டதற்கு, வீரமாக என்றார்கள்.

அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்தி வளர்ந்த பிள்ளை தண்ணீரில் எப்படிப் போவான் என்று பெற்றவள் மயிலம்மாள் சோற்றைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“வேற போட்டோ இல்லீங்களா, ஐயா?”

இருந்தது. ஆனால் அதெல்லாம் வீட்டில் இருந்த இனியன். கடைசியாக அவன் இருந்த இடம் இதில்தான் இருக்கிறது.

கலைமணி போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

“ஆறு பேருக்கும் ஒரே மூஞ்சிதானுங்க ஐயா. ஒருத்தனைப் போட்டு, மத்தவங்களைக் காப்பி எடுத்து ஒட்டுனது. அந்த ஜெனரலைக் கிண்டல் பண்ணோணும்னு நாந்தானுங்க வரைஞ்சேன். மன்னிச்சுக்கோங்க.”

காளியப்பன் நிமிர்ந்தார்.

ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கடையில் வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குனிந்தார்.

“அப்ப நீ பாத்திருக்கறே, சாமி. கையைத் தூக்கறானே, யாரைக் கூப்பிட்டான்?”