ஆளுக்கு ஒரு பருப்பு

"மூணு தாள்லயும் அதையேதான் எழுதியிருக்காங்க, நான் என்ன பண்ணட்டும்—"

"மூணு தாள எழுதுன மூணு பேரும் போன ஞாயித்துக்கெழம எங்கீங்க சாப்புட்டாங்க? அதச் சொல்லுங்க—"

"அத எதுக்கு இதுல இழுக்கற?"

"எங்க சாப்புட்டாங்க?"

அவன் கருத்துத் தாள்களோடு சமையலறை வாசலில் நின்றான்; உள்ளே அடுப்படியில் மனைவி.

கூடத்தில் அந்த மூன்று பேர். அவன் உருவாக்கிய பலகை விளையாட்டை ஞாயிறுதோறும் வந்து ஆடிப் பார்ப்பவர்கள். ஆடிவிட்டுக் குறை எழுதிக் கொடுப்பவர்கள்.

குக்கர் முதல் விசில் அடித்தது.

"நவநீதன் எழுதுனத இன்னொருக்கா படிங்க."

குரலைத் தாழ்த்திப் படித்தான்.

"ஆட்டம் அருமை. கல்குவாரியில் இடம் பிடிக்க அடித்துக்கொள்வது பிரமாதம். ஆனால் சுற்றுக்குச் சுற்று ஆட்களுக்குச் சாப்பாடு போடுவது எரிச்சல். நாங்கள் அணை கட்ட வந்தோம், மெஸ் நடத்த வரவில்லை. சாப்பாடு தானாக வந்துவிடுவதாக வைத்துக்கொள்ளலாமே."

தாளின் மூலையில் மஞ்சளாக ஒரு கறை. போன வாரத்துச் சாம்பார்.

ஆட்டம் எளிது. அணை கட்ட வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஐந்து மர ஆட்கள். குவாரிக்கு அனுப்பலாம், சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பலாம், பருப்பு விளைவிக்க வயலுக்கும் அனுப்பலாம். ஓர் இடத்தில் ஒருவர் ஆளை நிறுத்திவிட்டால் மற்றவருக்கு அங்கே இடமில்லை. சுற்று முடிந்ததும் ஆளுக்கு ஒரு பருப்பு வைக்க வேண்டும். பருப்பு கிடைக்காத ஆள் அடுத்த சுற்றில் படுத்துக்கிடப்பான்.

அந்தக் கடைசி விதி அவளுடையது.

இரண்டு வருடத்துக்கு முன் அட்டையை விரித்து அவளுக்கு ஆடிக் காட்டினான். காத்தால இருந்து கல்லு சொமக்கறாங்களே, இவங்க எப்பங்க சாப்புடுவாங்க என்று கேட்டாள். சிரித்தான். அப்புறம் சிரிக்கவில்லை. மறுநாள் அவள் ஒரு பிடி துவரம்பருப்பை வண்டு வராமலிருக்க வறுத்து, எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுப் பலகையோரம் வைத்தாள்.

இன்னைக்குத்தான் ஆட்டத்துக்கு உசுரு வந்துச்சு.

சொன்னது அவன்தான்.

"தானா வந்துருமாங்க?"

"ஆட்டத்துல, சுகந்தி. ஆட்டத்துல."

"நானும் ஆட்டத்துலதான் கேக்கறேன். யாரு வெளைய வெக்கறது? யாரு பொங்கறது? வயலுக்கு ஒரு ஆளப் போடறதுக்கு அவ்வளவு எரிச்சலா வருதா?"

"நாளைக்கு அச்சுக்குப் போகோணும். இத எடுத்தா இருவது நிமிசம் கொறையும். விறுவிறுன்னு—"

"அது என்ற விதிங்க."

"நீ ஒரு யோசன சொன்ன, அம்மணி. ஆனா ஆட்டம் என்னுது."

இரண்டாவது விசில்.

அவள் அடுப்பை அணைத்தாள். பருப்பு பாதிகூட வெந்திருக்காது.

கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அவன் எழுந்துபோன நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தாள். பலகையில் கிடந்த பருப்பையெல்லாம் வழித்துக் கிண்ணத்தில் போட்டாள். கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா ஆடறீங்களா?" என்றான் நவநீதன்.

"சாப்பாட்ட எடுத்தாச்சாமா. நீங்க சொன்ன மாதிரியே ஆடிப் பாக்கலாம்."

மூவருக்கும் சந்தோஷம்.

சுற்றுகள் வேகமாகப் போயின. யாரும் யாருக்கும் எதுவும் வைக்க வேண்டியதில்லை. எல்லா ஆட்களும் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் ஓடினார்கள். குவாரிக்கு அவளே முந்தினாள்.

"ஏனுங்க்கா, மறுக்காவும் குவாரியா? எங்களுக்கு ஒரு தடவ உடுங்க."

"எதுக்குங்க உடோணும்? என்ற ஆளுக்குத்தான் பசியே இல்லியே."

அணை மளமளவென்று எழுந்தது.

வயலில் ஒருவரும் இல்லை. பச்சைக் கட்டம் வெறுமனே கிடந்தது.

மணி ஒன்றேகால்.

ஒன்றரை. வழக்கமாக இந்நேரம் தாளிக்கிற வாசனை கூடம்வரை வந்துவிடும். ஒருவன் தண்ணீர் கேட்டான். சொம்பு மேஜைமேல்தான் இருந்தது. குடித்தான். இன்னும் கொஞ்சம் குடித்தான்.

நவநீதன் மூக்கை லேசாக உறிஞ்சினான். சமையலறைப் பக்கம் பார்த்தான். அவளிடம் கேட்கவில்லை. வாசலில் நின்றவனிடம் கேட்டான்.

"ஏங்ணா... மணி ரெண்டாகப் போகுதுங்ணா."

அவன் அவளைப் பார்த்தான்.

அவள் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்க முறைங்க, நவநீதன்."



வாசலில் நின்றவன் தாள்களை ஃபிரிட்ஜ்மேல் வைத்தான். உள்ளே போனான்.

ஓர் அலமாரி திறந்தது. மூடியது. இன்னொன்று திறந்தது. ஏதோ தட்டு விழுந்து, சுழன்று, அடங்கியது. லைட்டர் சொடுக்கும் சத்தம். மறுபடி. மறுபடி.

அடுப்பு பற்றிக்கொண்டது.

நவநீதன் தன் ஆளைச் சுண்ணாம்புக் காளவாயில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். மற்ற இருவரும் பார்த்தார்கள்.

அவள் கையில் கடைசியாக ஓர் ஆள். குவாரி காலியாக இருந்தது. வயலும்.

ஆளை விரலிடுக்கில் உருட்டினாள். மடியில் கிண்ணம் அசைந்து, பருப்பு கலகலத்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சுகந்தி... பருப்புக்கு இன்னும் எத்தன விசிலு உடோணும்?"