கெங்கம்மாவின் புதுக் குரல்

"நாலு வார்த்தைக்கு மேல பேசக் கூடாதுன்னு டாக்டர் உனக்குச் சொன்னது நல்லதாப் போச்சுக்கா. இல்லாங்காட்டி நான் சொல்றதைக் கேட்டுட்டு ஊரையே கூட்டிடுவே" என்றபடி உள்ளே வந்தாள் பக்கத்துக் குடிசை கோவிந்தம்மா.

கெங்கம்மா கையாலேயே 'சொல்லு' என்றாள்.

"தேசம்மா உன் தெருவுல நின்னுகினு உன்னைப் போலவே கூவறா. உன் பழைய குரல்ல இல்லே. இப்போ கரகரன்னு ஒண்ணு வந்துகீதே, அந்தக் குரல்ல. தெருப் புள்ளைங்கள்லாம் சிரிக்குது."

தேசம்மாவும் அதே குப்பத்து மீன்காரிதான். ஒரு மீன்காரியின் தெருவில் இன்னொருத்தி கூடையை இறக்க மாட்டாள். அது சாந்தோம் குப்பத்து வழக்கம். கெங்கம்மா எழுந்து நடமாடுவதற்குள் தேசம்மா அந்த வழக்கத்தைக் கடலில் கரைத்துவிட்டாள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று புகுந்தவளைக்கூட மன்னிக்கலாம். நொந்த தொண்டையைப் பழித்துக் காட்டுகிறவளை என்ன செய்வது?

தொண்டை நொந்தது மார்கழியில். கட்டுமரம் கரையேறியதும் கயிற்றுக் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகத் தூக்கிப் போவார்கள். அப்படித் தூக்கிய மரம் ஒன்று சரிந்து, குனிந்து மீன் பொறுக்கிக்கொண்டிருந்த கெங்கம்மாவின் தொண்டையில் இடித்தது. மூச்சுக்குத் திணறியவளைப் புருஷன் மாசிலாமணி ஜட்காவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

பிழைத்தது பெரிய காரியம் என்றார் டாக்டர். குரல்வளை குருத்தெலும்பால் ஆனது, சின்ன வயசில் காது மடல் மாதிரி வளைந்து கொடுக்கும், வயசு ஏற ஏற இறுகி எலும்பாகிக்கொண்டே போகும் என்று விளக்கினார். கெங்கம்மாவுக்குப் பாதி இறுகிவிட்டதாம். அதனால்தான் வளையாமல் விரிசல் விட்டதாம்.

"விரிசல் கூடிடும். வீக்கமும் வடிஞ்சிடும். அதுவரைக்கும் கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது, அதுவும் தொண்டைக்குக் கெடுதல்தான். ஆனா பழைய குரலை எதிர்பார்க்காதே."

மீன்காரிக்குக் குரல் போனால் கூடை இருந்து என்ன பயன்? அவள் வாடிக்கை வீடுகளில் எல்லோரும் பின்கட்டுச் சமையலறையில் இருப்பார்கள். தெருவில் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது? குரலைக் கேட்டுத்தான் தட்டோடு வெளியே வருவார்கள். அதிலும் கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முன் விரதமிருக்கும் தபசு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேதக்கார வீடுகளில் கறி நின்று மீன் மட்டுமே ஏறும் காலம். அந்த வியாபாரத்தை விட்டால் வருஷம் முழுக்கக் கஞ்சிதான்.

தை பிறந்து, நாலு வார்த்தை பேசலாம் என்று டாக்டர் அனுமதித்த அன்று தேசம்மா பார்க்க வந்திருந்தாள். "வா தேசம்மா" என்றாள் கெங்கம்மா. கயிற்றை மணலில் இழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. தேசம்மா அவளையே பார்த்தாள். உடனே எழுந்து போய்விட்டாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் அவள் வந்து பார்த்தது என்று கெங்கம்மா அப்போதே நினைத்தாள். கோவிந்தம்மா வந்து சொன்னதும் அது உறுதியாகிவிட்டது.

தபசு காலத்து முதல் வெள்ளியன்று கெங்கம்மா கூடையைத் தூக்கினாள். முதலில் வியாபாரம், பிறகு தேசம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணம்.

தெருமுனையில் நின்று கூவினாள். "வவ்வாலு, வஞ்சிரம், நெத்திலியேய்..."

அவள் காதுக்கே அந்நியமாக இருந்தது. இந்தக் குரலுக்கு யார் கதவைத் திறப்பார்கள்?

முதல் வீட்டில் தாழ்ப்பாள் நீக்கும் சத்தம் கேட்டது. ஆலிஸ் டீச்சர் தட்டோடு வந்தாள். எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. அடுத்த வீட்டிலிருந்து, "கெங்கம்மா, எனக்கு நெத்திலி எடுத்து வை" என்று பின்கட்டிலிருந்தபடியே யாரோ சொன்னார்கள்.

கெங்கம்மாவுக்கு நம்ப முடியவில்லை. "நான்தான்னு எப்டிம்மா தெரிஞ்சிது? என் குரல்தான் மாறிப்போச்சே."

"மாறினா என்ன? அதைத்தான் தேசம்மா எங்க காதுக்குப் பழக்கி வெச்சிருக்காளே" என்றாள் ஆலிஸ் டீச்சர். "கெங்கம்மா இனிமே இப்படித்தான் கூவும், இந்தக் குரல் கேட்டா கதவைத் தொறங்கன்னு வீடு வீடாச் சொன்னா. தினமும் அதே மாதிரி கூவியும் காட்டினா. வெள்ளிக்கிழமையிலேருந்து அவளே வருவா, நான் வரமாட்டேன்னு முந்தாநாள் சொல்லிட்டுப் போனா."

கெங்கம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடை காலியானதும் நேரே தேசம்மாவின் குடிசைக்குப் போனாள்.

தேசம்மா கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வராத குரலை வலிய வரவழைத்துக் கூவியதில் அவள் தொண்டை கட்டிக்கொண்டிருந்தது.

"ஏண்டி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலே?"

"சொன்னா, வேணாம்னு சண்டைக்கு வருவே. சண்டைன்னா நீ கத்துவே. அப்புறம் உன் தொண்டை..." தேசம்மா காற்றாய்க் கிசுகிசுத்தாள்.

கெங்கம்மா சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள்.

"கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாதுடி. நாளையிலேருந்து உன் தெருவுக்கும் நான்தான் போவேன். உன் குரல் எனக்கு வராது. உன் பேரைச் சொல்லிக் கூவறேன்."