லிங்க் உள்ளவர்கள் பார்க்கலாம்

"நல்லக்கண்ணு கண்ணுல ஒரு போட்டோகூடப் படக் கூடாது. சொல்லிட்டேன்."

கல்யாணப் படங்களைப் பிரித்துக்கொண்டிருந்த சுடர்விழி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். கல்யாணமாகி முதல் தடவையாக அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். வந்த இடத்திலும் அப்பா கண்ணுசாமிக்கு இதே பேச்சு.

"சித்தப்பாவுக்குப் பத்திரிகையே வைக்கல. இப்ப போட்டோவுலயுமா பகை?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. வேலையைப் பாரு."

தெரியாமல் என்ன, ஊருக்கே தெரியும். கீழ்வேளூர்ப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற ஊர் அது. அண்ணன் தம்பிக்கு அடுத்தடுத்த வயல், ஒரே வாய்க்கால். சில வருஷத்துக்கு முன்பு சம்பா நாற்று வாடிக் கிடந்த நேரத்தில், தம்பி வயலுக்குப் போகிற மடையை அண்ணன் அடைத்துவிட்டார். தம்பியின் நாற்று கருகிப் போனது. அன்றோடு பேச்சும் நின்றது.

சின்ன வயதில் சுடர்விழியைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர் அந்தச் சித்தப்பாதான். அவர் பக்கத்தில் இல்லாமலேயே அவள் கழுத்தில் தாலி ஏறியது. அந்த வருத்தம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"இவ்வளவு படத்தையும் வாட்ஸ்அப்ல அனுப்பினா மங்கிப் போயிடும்பா. கிளவுட்ல ஏத்திடுறேன். எல்லாரும் அவங்கவங்க போன்லயே பார்த்துக்கலாம்."

"எல்லாரும்னா, யார் யாரு?"

"அதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஆளாளுக்கு மெயில் ஐடி போட்டு அனுமதி குடுக்கலாம். அவங்களைத் தவிர வேற யாரும் பார்க்க முடியாது. இல்லன்னா ஒரு லிங்க். அது யார் கையில இருக்கோ அவங்க பார்க்கலாம். அவங்க இன்னொருத்தருக்கு அனுப்பினா, அவரும் பார்க்கலாம்."

கண்ணுசாமி தாடையைச் சொறிந்தார். "முதல்ல சொன்னது அடைச்ச மடை. இது திறந்து விட்ட மடை. யார் வயலுக்கு வேணாலும் பாயும்."

"ஆமா. உங்க மனசுக்கு மெயில்தான் சரி." கொஞ்சம் சூடாகவே சொன்னாள்.

"லிங்க்கே போடு."

"அப்பா! இப்பதான சொன்னேன், லிங்க்னா..."

"நம்ம சனத்துல எத்தனை பேருக்கு மெயில் தெரியும்? லிங்க்கே போடு. பார்க்கிறவங்க, அவங்க எடுத்த போட்டோவையும் அதுல போட முடியுமா?"

"முடியும். அதுக்கும் அனுமதி குடுக்கணும்."

"குடுத்துடு. முதல்ல உரக்கடை சித்தீக் பாய்க்கு அனுப்பு. பாவம், கல்யாணத்தன்னிக்கு அவரால வர முடியல."

அடுப்படியிலிருந்து காளியம்மாள் எட்டிப் பார்த்தாள். "அவருக்கா? தங்கமான மனுசர்தான், இல்லைங்கல. ஆனா அவர்கிட்ட ஒரு சேதி தங்காதே. உங்க தம்பியும் அங்கதான உரம் வாங்குறாரு?"

"உன்னை யாரு கேட்டா? குழம்பைப் பாரு."

இவரைத் திருத்தவே முடியாது என்று அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுடர்விழி லிங்க்கை அனுப்பினாள். கையோடு, 'வேற யாருக்கும் அனுப்பிடாதீங்க மாமா. அப்பா கத்துவாரு' என்று ஒரு வரியும் சேர்த்தே அனுப்பினாள்.

மறுநாள் சாயங்காலம் ஆல்பத்தில் புதிதாக ஒரு படம் வந்திருந்தது. போட்டவர் பெயர் நல்லக்கண்ணு.

அவளுக்குத் திக்கென்றது.

கல்யாண மண்டபத்து வாசலை, தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து எடுத்த படம். ஓரத்தில் அவள் காரில் ஏறிக்கொண்டிருக்கிறாள். சுற்றிலும் கூட்டம். ஆனால் எடுத்தவர் அவளை எடுக்கவில்லை. கட்டியிருந்த வாழை மரத்துக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அப்பாவை எடுத்திருக்கிறார்.

நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி எடுத்த போட்டோகிராபரின் கண்ணில் அது படவே இல்லை. கூப்பிடாத கல்யாணத்துக்கு வந்து, தெருவோடு நின்ற மனுஷன் கண்ணில் பட்டிருக்கிறது.

அப்பா பார்த்தால் வீடு ரெண்டாகிவிடும். போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினாள்.

"மாமா, யாருக்கும் அனுப்பாதீங்கன்னு சொன்னேன்ல?"

"நீ சொன்னேம்மா. உங்கப்பா வேற மாதிரில்ல சொன்னாரு?" என்றார் சித்தீக். "நேத்து கடைக்கே வந்து, 'பாய், தம்பி வந்தா அதைக் காட்டாம விட்டுடாதீங்க. நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க'ன்னாரு. அடடா, உன்கிட்ட சொல்லிட்டேனே!"

சுடர்விழி உள்ளே திரும்பி வந்தாள்.

வயலிலிருந்து வந்த கண்ணுசாமி, கால் சேற்றைக்கூடக் கழுவாமல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் அந்தப் படம். அவர் கண்ணெல்லாம் தண்ணீர்.

"அப்பா... லிங்க்கை மூடிடவா?"

"வேணாம். திறந்தே கெடக்கட்டும்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"காளி, அவன் பசி தாங்க மாட்டானே... அன்னிக்கு சாப்பிட்டுட்டுப் போனானா, பார்த்தியா?"