மார்ல்டன் ஓட்டலில் முள்ளுக்கரண்டி இல்லை

“ஒரு முள்ளுக்கரண்டிக்கு வழியில்ல, இதெல்லாம் ஒரு ஓட்டலா?”

தேவநாதன் மேஜையைத் தட்டிய தட்டில் உப்பு ஜாடி கவிழ்ந்தது. வாய்தான் அப்படிக் கத்தியது. மனசு, ‘மயிலம் முருகா, நீ இருக்கேடாப்பா! மொட்டை போட்டுக்கறேன்!’ என்று கும்பிட்டுக்கொண்டிருந்தது.

பின்னே? ஒரு மாசமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. மகள் அம்சாவுக்குத் திண்டிவனத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை சீனுவாசனுக்கு மெட்ராஸில் வெள்ளைக்காரன் கம்பெனியில் உத்தியோகம். மாப்பிள்ளையின் அப்பா கோதண்டபாணி மல்லாட்டை மண்டிக்காரர், வேர்க்கடலையில் மொத்த வியாபாரம். பவுன் கேட்கவில்லை, பாத்திரம் கேட்கவில்லை. ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார் மனுஷர்.

“பாட்டுப் பாடு, கோலம் போடுன்னெல்லாம் சொல்ல மாட்டேன். பொண்ணு முள்ளுக்கரண்டியில சாப்பிடணும். என் பையன் நாளைக்குத் துரைமாருங்களோட விருந்துக்குப் போறவன். விழுப்புரம் ஜங்ஷன்கிட்ட மார்ல்டன் ஓட்டல் இருக்குதில்ல? பொண்ணு பாக்கறதை அங்கியே வெச்சிக்கலாம்.”

முப்பத்தெட்டாம் வருஷத்தில் மார்ல்டன் என்றால் லேசுப்பட்ட இடமா? பாண்டிச்சேரி போகிற துரைகள் ரயில் மாற இறங்கினால் அங்கேதான் தங்குவார்கள். பளிங்குத் தரை, கண்ணாடி விளக்கு, தலைப்பாகை கட்டின பட்லர். அனந்தபுரத்து விவசாயியான தேவநாதன் அந்தக் கட்டடத்தை ரயில் ஜன்னலில் இருந்துதான் பார்த்திருக்கிறார்.

பாதிரியாரிடம் ஒரு முள்ளுக்கரண்டியை இரவல் வாங்கிவந்து வீட்டில் ஒத்திகை நடத்தினார்கள். கேப்பைக் களியில் குத்தினால் கரண்டி திரும்பி வரவில்லை. பலமாக இழுத்தால் தட்டோடு வந்தது. கறித்துண்டைக் குத்தினால் அது எகிறிப் போய் அவர் பெண்சாதி கோவிந்தம்மாளின் கொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

“பேஜாரா கீதுப்பா! எனக்குக் கல்யாணமே வேணாம், வுடு” என்று அம்சா அழுதே விட்டாள்.

அந்த அழுகையோடுதான் கிளம்பி வந்தார்கள். வந்து உட்கார்ந்தால், மேஜையில் கரண்டியே இல்லை!

பட்லர் ராயப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “மன்னிக்கணுங்க. எல்லாம் வெள்ளி சாமானு. மெருகு போடப் பாண்டிச்சேரிக்குப் போயிருக்குது. நாளைக்கு ரயில்லதான் வரும்.”

“கேட்டீங்களா அநியாயத்தை?” என்றார் தேவநாதன். “முள்ளுக்கரண்டி இல்லன்னா எங்க அம்சாவுக்கு ஒரு வாய் எறங்காது!”

கோவிந்தம்மாள் மேஜைக்கு அடியில் புருஷன் காலை ஓங்கி மிதித்தாள்.

கோதண்டபாணி விடுவாரா? “என் பையன் மட்டும் இன்னா? அவன் கையால சாப்ட்டு ஆறு வருஷம் ஆவுது!”

சீனுவாசன் கண்ணாடி விளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னிக்கி ஒரு நாளு மட்டும்... கையால...” என்று இழுத்தார் ராயப்பன்.

“கையாலயா? சீச்சீ!” என்று பெரியவர்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டு, முதல் ஆளாகக் கை கழுவ ஓடினார்கள்.

அப்புறம் நடந்ததைக் கேட்க வேண்டுமா? கோதண்டபாணி கோழிக் குழம்பைப் பிசைந்து உருட்டியதில் முழங்கை வரை வழிந்தது. சீனுவாசன் எலும்பைக் கடித்த சத்தம் சமையல்கட்டு வரை கேட்டது. அம்சா ரெண்டாம் தரம் சோறு கேட்டாள். கேட்டுவிட்டு, எதிரே இருந்தவனைப் பார்த்துச் சிரித்தாள். வாய் நிறையச் சோற்றோடு அவனும் சிரித்தான்.

பெரிய ஏப்பம் ஒன்றை விட்டுவிட்டுக் கோதண்டபாணி சொன்னார்: “தை மாசம் வெச்சிக்கலாம் கல்யாணத்தை.”

தேவநாதனுக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. “அந்த முள்ளுக்கரண்டி விஷயம்...”

“ஓட்டல்ல இல்லன்னா பொண்ணு இன்னா பண்ணும்? ஆனா இந்த பட்லரைச் சும்மா வுடக் கூடாது சம்பந்தி. புகார் புக்கை வாங்கி எழுதுங்க. இவன் சீட்டு கிழியணும்.”

ராயப்பனே புத்தகத்தையும் மசிக்கூட்டையும் கொண்டுவந்து வைத்தார். தேவநாதனுக்கு என்னவோபோல இருந்தது. ஆனாலும் சம்பந்தி பக்கத்தில் நிற்கிறாரே! பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பக்கம் முழுக்கத் திட்டி எழுதினார்.

எல்லோரும் வண்டியில் ஏறினார்கள். தேவநாதனுக்கு மனசு கேட்கவில்லை. ‘ஒரு நல்ல காரியம் நடந்த இடத்துல ஒருத்தன் பொழைப்பைக் கெடுத்துட்டோமே’ என்று அடித்துக்கொண்டது. “துண்டை வுட்டுட்டேன், தோ வர்றேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

அழுக்குத்துணிக் கூடைக்குள்ளிருந்து ராயப்பன் முள்ளுக்கரண்டிகளைக் கொத்துக்கொத்தாக எடுத்து மேஜையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“யோவ்! பாண்டிச்சேரிக்குப் போயிருக்குதுன்னியே?”

ராயப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். “தப்புதாங்க ஐயா. உள்ள வரும்போதே பாத்தேன். பாப்பாவுக்குக் கையி நடுங்கிக்கினு இருந்துச்சு. மாப்பிள்ளைக்கு அதுக்கு மேல நடுங்கிக்கினு இருந்துச்சு. அதான் எல்லாத்தையும் வாரி ஒளிச்சிட்டேன்.”

தேவநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. “அந்த புக்கைக் குடுய்யா. எழுதினதை அடிச்சிட்றேன். உன் வேலை போயிடும்.”

“போவாதுங்க. எங்க மொதலாளி துரைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பக்கம் பூரா எழுதியிருந்தா, ரொம்பப் பாராட்டியிருக்காங்கன்னு நெனச்சிக்குவாரு. போன புகாருக்கு எனக்குப் புதுக் கோட்டு தெச்சிக் குடுத்தாரு.”

“போன புகாரா?”

தேவநாதன் ஒரு பக்கம் பின்னால் புரட்டினார்.

‘மூத்த மகனுக்குப் பெண் பார்க்க வந்தோம். இந்த ஓட்டலில் ஒரு முள்ளுக்கரண்டிகூடக் கிடையாது. இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். இப்படிக்கு, கோதண்டபாணி, மல்லாட்டை மண்டி, திண்டிவனம்.’